‘இதைப் பார்க்கலாமா?’ படம், தொடர், ரீல்ஸ்: நடைமுறையில் முடிவெடுப்பது எப்படி?

கடுகுவிதை16 (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வயது 16. சபையில் சிலர் "சினிமாவே ஆகாது" என்கிறார்கள். சிலர் "கிறிஸ்தவப் படம் என்றால் சரி" என்கிறார்கள். வீட்டில் "யுஏ போட்டிருந்தால் பார்த்துக்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றை வைத்தும் ஒரு படத்தைக்கூட என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

தெரிய வேண்டியது இதுதான். படம் தொடங்கும் முன்பே, கதை முழுக்க வெளிப்பட்டுவிடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் வேண்டாத காட்சி வந்துவிட்டால் என்ன செய்வது? (தலையைக் குனிந்தாலும் சத்தம் கேட்கிறதே.) பேய்ப்படமும் மந்திரக் கதையும் ஒன்றுதானா? யூடியூப், இன்ஸ்டாவில் தேடாமலே வந்து விழுவதை எப்படி நிறுத்துவது? அப்புறம், வாலிபர் கூட்டத்தில் ஒரு படம் போடலாம் என்று பேச்சு இருக்கிறது. அதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

அண்ணன்மாரே, அக்காமாரே, வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். வசனம் தெரியும். செய்முறைதான் தெரியவில்லை.

---

ரீல்சுருள்

தம்பி (தங்கை என்றால் மன்னிக்கவும்), முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தணிக்கைச் சான்று என்பது பெரும்பாலும் எண்ணிக்கை வேலை. வசைச்சொல் எத்தனை, ரத்தம் எவ்வளவு, உடல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து ஒரு பெட்டிக்குள் போடுவார்கள். அமெரிக்காவில் பிஜி-13 (13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை) என்ற பெட்டி 1984 ஜூலையில் வந்தது. பாலியல் சார்ந்த கடுமையான வசைச்சொல் ஒரே ஒரு தடவை, வெறும் வசையாக வந்தால் அங்கே பிஜி-13. அதற்கு மேல் வந்தால் வழக்கமாக ஆர் (17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்). ஆனால் நூறு பேர் சுட்டுச் சாய்க்கப்படும் படம், ரத்தத்தைக் காட்டாமல் வேகமாக வெட்டி ஓட்டினால் பிஜி-13-க்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டாவது வசைச்சொல்லுக்கு இருக்கும் கண்டிப்பு நூறாவது சாவுக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு எண்ணைப் படித்தால் ஏமாற்றம் குறையும்.

இந்தியச் சான்றில் யுஏ என்பது நெடுங்காலம் ஒரே பெட்டியாக இருந்தது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்தார்கள். ஆகவே பழைய படத்தில் வெறும் யுஏ என்று இருந்தால் அது ஏழு வயதுக்கா பதினாறு வயதுக்கா என்று சொல்லவே முடியாது. தவிர, "பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும்" என்பதுதான் யுஏ-வின் பொருளே. பெற்றோர் அந்தச் சான்றையே காட்டி அனுமதித்தால், கடைசியில் யாருமே பார்த்து முடிவு செய்யவில்லை என்றாகிறது. வீட்டில் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஓடிடியில் தெரியும் வயது எண் தணிக்கை வாரியம் கொடுத்தது இல்லை. அந்தந்தத் தளமே போட்டுக்கொள்வது. தியேட்டருக்கு வெட்டிய பிரதி ஒன்று, ஓடிடியில் ஏற்றிய பிரதி வேறொன்று என்பதும் நடக்கும். தலைப்பின் பக்கத்தில் "அன்கட்", "எக்ஸ்டெண்டட்" என்று இருந்தால் தியேட்டர் சான்றை மறந்துவிடுங்கள். எண்ணைவிட அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரி முக்கியம்: வன்முறை, மொழி, பாலியல், போதைப்பொருள், தற்கொலை என்று காரணம் அங்கேதான் இருக்கும். 16+ என்பது மொழிக்காக என்றால் ஒரு முடிவு, பாலியலுக்காக என்றால் வேறு முடிவு.

வேவு பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் படத்தின் பக்கத்தில் ‘பேரன்ட்ஸ் கைடு’ என்று ஒரு பகுதி உண்டு. பாலியல், வன்முறை, வசைமொழி, மது-போதை-புகை, பயமுறுத்தும் காட்சிகள் என ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ‘மைல்டு’, ‘மாடரேட்’, ‘சிவியர்’ என்று ஓட்டு விழுந்திருக்கும். கதையை உடைக்கும் குறிப்புகள் தனியாக, அடியில் ‘ஸ்பாய்லர்ஸ்’ என்ற தலைப்பில் இருக்கும். அதற்கு மேலேயே நின்றுவிடுங்கள். ஓட்டு எத்தனை என்பதையும் பாருங்கள். எட்டுப் பேர் போட்ட ‘மைல்டு’ செல்லாது, எண்ணூறு பேர் போட்டால் நம்பலாம்.

கிட்ஸ்-இன்-மைண்ட் தளம் மூன்றே எண் தரும். பாலியல், வன்முறை, மொழி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. கதை தெரியாமல் பார்க்க இதுதான் வசதி. காமன் சென்ஸ் மீடியாவில் பெற்றோர் சொல்லும் வயதும் பிள்ளைகள் சொல்லும் வயதும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கருத்துகளை ஒரு பார்வை பாருங்கள். ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி நடத்தும் பிளக்டு இன், ஆவிக்குரிய விஷயங்களுக்கும் தனிப் பகுதி வைத்திருக்கிறது. ஆனால் ஏறக்குறைய காட்சி வாரியாக எழுதிவிடுவார்கள், முழுக்கப் படித்தால் படம் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

இதில் எங்கே தப்பு நடக்கும் என்றால், தமிழ், மலையாளம், கொரியத் தொடர்களுக்கு இந்தத் தளங்களில் பதிவு குறைவு. பதிவே இல்லை என்பதை "சுத்தம்" என்று படித்துவிடக் கூடாது. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட படத்துக்கு வெளியான நாளில் ஓடாமல் ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனம் ரசிகர் எழுதியது, ஒரு நட்சத்திரம் எதிர்ரசிகர் எழுதியது. இரண்டரை, மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் உள்ளே இருப்பதைச் சொல்வார்கள். பாடல்கள் தனியாக முன்பே வந்துவிடும், ஒன்றைப் பார்த்தாலே கேமரா யாரை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். அதே இயக்குநரின் முந்தைய இரண்டு படங்களின் வழிகாட்டியையும் படியுங்கள். ஆள் பெரும்பாலும் மாறமாட்டார்.

---

ஜன்னலோரம்

ரீல்சுருள் அண்ணா சொன்னது வாசல் சோதனை. அதோடு நின்றால் பாதிதான்.

ஒரு முத்தம்கூட இல்லாத, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத படம் இரண்டரை மணி நேரமும் பழிவாங்குவதன் இனிப்பை ஊட்டலாம். ‘வேண்டாம்’ என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே நாயகன் நான்கு பாட்டுக்கு அலைந்து, கடைசியில் அவள் சிரித்துவிடுகிறாள் என்றால் அது யு சான்றோடு வரும். குடும்பத்தோடு பார்ப்பார்கள். அது மனதில் விதைப்பது என்ன? பெண் சொல்லும் ‘வேண்டாம்’ ஒரு தற்காலிகத் தடங்கல் என்ற பாடம். இதற்கு எந்தத் தளத்திலும் எண் கிடையாது.

பாவம் இருக்கும் கதை எல்லாமே கூடாது என்றால் 2 சாமுவேல் 11-ம் அதிகாரத்தையும் மூட வேண்டியிருக்கும். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள். மொத்தம் 27 வசனம். தாவீது பத்சேபாளை மாடியிலிருந்து பார்ப்பது 2-ம் வசனம், விசாரிப்பது 3, அழைத்துவரச் செய்து பாவம் செய்வது 4. அந்த ஒரே வசனத்தோடு முடிந்தது. மீதி அதிகாரம் முழுக்க மூடிமறைக்கும் வேலை: உரியாவை வரவழைப்பது, வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பது, குடிக்கவைப்பது, கடிதம், கொலை. படுக்கையறையில் ஒரு வரிகூடத் தங்காத எழுத்து, உரியா அரமனை வாசலில் படுத்துக்கிடக்கும் இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்கிறது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் ஒரு ஆட்டுக்குட்டிக் கதை சொல்கிறான், நாலே வசனம். கதையைக் கேட்டுக் கோபத்தில் கொதித்தவனிடம்தான் "நீயே அந்த மனுஷன்" என்கிறான்.

இதிலிருந்து எடுத்த அளவுகோல் ஒன்று: கேமரா எங்கே நிற்கிறது, எங்கே நகர்ந்துவிடுகிறது? கொலையைக் காட்டும் படம் கத்தியில் நிற்கிறதா, செத்தவனின் தாயிடம் நிற்கிறதா? தவறான உறவைக் காட்டும் படம் உடலில் நிற்கிறதா, அதனால் உடைந்த வீட்டிலா? இந்த ஒரு கேள்வியை வைத்தே பத்தில் எட்டுப் படத்தைத் தரம் பிரித்துவிடலாம்.

இன்னொன்று, யார் ஜெயிப்பதற்காக உள்ளுக்குள் கைதட்டினோம் என்பது. திருடர்கள் தப்பிக்க வேண்டுமே என்று இரண்டு மணி நேரம் பதைத்துவிட்டு வெளியே வருவது எளிது. பதைத்தது தப்பில்லை. அப்படிப் பதைக்க வைக்க இயக்குநர் என்ன வித்தை செய்தார் என்று யோசிக்க வேண்டும்: வங்கி அதிகாரியைக் கோமாளியாக்கினாரா, திருடனுக்கு நோயாளித் தங்கை கொடுத்தாரா? வித்தை தெரிந்துவிட்டால் அதன் பிடி தளரும்.

பிலிப்பியர் 4:8-ஐ எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் முதலில் வருவது ‘உண்மையுள்ளவைகள்’. கற்பு பிறகுதான் வருகிறது. எல்லாரும் கடைசியில் மனந்திரும்பி, நோய் குணமாகி, வேலையும் கிடைத்துவிடும் படம் முதல் வார்த்தையிலேயே இடறுகிறது, அது கிறிஸ்தவப் படமாக இருந்தாலும். நாத்திகனைக் கொடுமைக்காரனாக மட்டுமே காட்டும் படங்களும் அதே கணக்கில்தான் சேரும்.

---

பழைய_ஞானப்பாட்டு

எல்லாரும் எப்படிப் பார்ப்பது என்றே எழுதுகிறீர்கள். பார்க்காமலும் இருக்கலாம். வலது கண் இடறலுண்டாக்கினால் பிடுங்கிப்போடு என்று மத்தேயு 5:29-ல் இருப்பது சிலருக்குச் சினிமா விஷயத்தில் அப்படியே பொருந்தும். அப்படி விட்டுவிட்டவர்களைப் பழமைவாதி என்று கிண்டல் செய்ய வேண்டாம்.

ஆனால் விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். தியேட்டர் வாசலை மிதிக்காதவர் படுக்கையில் படுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ரீல்ஸ் தள்ளினால், விட்டது திரையின் அளவை மட்டும்தான்.

நண்பர்கள் கேட்டால் பிரசங்கம் வேண்டாம். "நான் பார்க்கல, கதைய நீயே சொல்லு" என்றால் போதும். ஆர்வமாகச் சொல்வார்கள். கதையும் தெரிந்துவிடும், நட்பும் இருக்கும்.

---

கடுகுவிதை16

நன்றி. தம்பிதான், தங்கை இல்லை. "கேமரா எங்கே நிற்கிறது" என்பதைக் குறித்துவைத்துக்கொண்டேன். பேய்ப்படம் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரே படத்தைப் பார்த்து ஒருவன் சிரிக்கிறான், இன்னொருவன் ஒரு வாரம் தூங்கவில்லை. அப்படியானால் யாருடைய அளவை வைத்துக்கொள்வது?

---

எம்மாவு_வழி

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், விவிலியப் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கும்.

இந்தச் சண்டை புதிதில்லை. கி.பி. 200-ஐ ஒட்டி தெர்த்துல்லியன் என்ற ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் உரோமை நாட்டு அரங்கக் காட்சிகளைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். 1936-ல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் திரைப்படம் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். அதில் எச்சரிக்கையும் உண்டு, நல்ல படத்தால் விளையும் நன்மையைப் பற்றிய பேச்சும் உண்டு.

பேய்ப்படத்துக்கு வருவோம். இணைச்சட்டம் (உபாகமம்) 18:10-11 தடுப்பது குறி கேட்பதை, சூனியத்தை, இறந்தவரிடம் கேட்பதை. செய்வதற்கும் கதையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. அதனால் பிரித்துப் பார்ப்பது நல்லது. கற்பனை உலகத்தில் ஒரு கிழவர் கோலை உயர்த்தி மின்னல் வரவழைக்கிறார் என்றால், அதை வீட்டில் யாரும் செய்து பார்க்க முடியாது. எழுத்துப் பலகையில் விரல் வைத்து ஆவியைக் கூப்பிடுவது, நள்ளிரவில் கண்ணாடி முன் நின்று பெயரை அழைப்பது போன்றவற்றை விலாவாரியாகக் காட்டும் படத்தை மறுநாளே விடுதி அறையில் செய்து பார்க்கலாம். இரண்டாவது வகைக்கு என் பதில் "வேண்டாம்".

மூன்றாவது வகை, குருவானவர் வந்து பேயோட்டும் படங்கள். கிறிஸ்தவப் படம்போலத் தோன்றும், கவனம் தேவை. சிலுவையும் தீர்த்தமும் லத்தீன் வாக்கியமும் துப்பாக்கித் தோட்டாபோல வேலை செய்யும். சரியான வாக்கியம் தெரிந்தவன் ஜெயிப்பான். அது மந்திரம், செபம் இல்லை. நிஜத்தில் திருச்சபைச் சட்டம் 1172-ன்படி ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது. படத்தில் வருவதுபோல இரவோடு இரவாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வழியில்லை. இந்தப் படங்களில் நான் பார்ப்பது ஒன்றுதான்: கடவுள் அங்கே இருக்கிறாரா, பேய் மட்டும்தானா? தீமைக்கு முகம், குரல், பலம் எல்லாம் கொடுத்துவிட்டு, கடவுளை ஒரு மரச்சிலுவையாகச் சுவரில் மாட்டிவைத்திருந்தால், அந்தப் படம் சொல்லும் இறையியல் என்னவென்று தெரிகிறதல்லவா?

பயம் உடம்பைப் பொறுத்தது, பக்தியைப் பொறுத்தது இல்லை. தூங்காதவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்று யாரும் சொல்ல வேண்டாம். திடுக்கிட வைக்கும் காட்சிகளில் பாதிக்கு மேல் வேலை செய்வது ஒலி. தாழ்ந்த உறுமல், பிறகு சட்டென்று நிசப்தம், பிறகு வெடிச்சத்தம். நிசப்தம் விழும்போதே ஒலியை அணைத்துவிட்டு அடியில் ஓடும் வசன எழுத்துகளை (சப்டைட்டில்) படித்தால் அந்தக் காட்சி வெறும் மேக்கப்பாகத் தெரியும். ஏற்கெனவே பார்த்துவிட்டுத் தூக்கம் வராதவர் அந்தப் படத்தை எடுத்த விதம் பற்றிய காணொளி இருந்தால் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஒரு தடவை அந்த முகத்தின் மேல் ஒருவர் பசை தடவுவதைப் பார்த்துவிட்டால் மனம் அதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும்.

"யாருடைய அளவு" என்றால், தனியாகப் பார்க்கும்போது உங்கள் அளவு, சேர்ந்து பார்க்கும்போது அந்த அறையிலேயே மென்மையான மனச்சான்று உள்ளவரின் அளவு. 1 கொரிந்தியர் 8-ல் பவுல் சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றி எழுதுவது இதுதான். இறைச்சியில் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் தம் உணவு இன்னொருவரை விழச்செய்யும் என்றால் இறைச்சியே வேண்டாம் என்கிறார். நடைமுறையில், "எல்லாரும் பார்க்கிறோம், நீயும் வா" என்று இழுக்காமல் இருப்பது. ஒருவர் எழுந்து போனால் ஏன் என்று கேட்காமல் இருப்பது.

---

செட்டிங்ஸ்_மேசை

நடுவில் வரும் காட்சிக்கும் ரீல்ஸுக்கும் என் பங்கு.

காட்சியைத் தாண்டும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, விரலால் கீழே உள்ள கோட்டை இழுப்பது. இழுக்க இழுக்கச் சின்னப் பெட்டியில் ஒவ்வொரு காட்சியும் படமாகத் தெரியும். எதைத் தவிர்க்கப் போனோமோ அதை வரிசையாகப் பார்த்துவிட்டு வருவோம். பத்து நொடி முன்னே தள்ளும் பொத்தானைத் தட்டுங்கள். யூடியூபைக் கணினியில் பார்த்தால் ‘எல்’ விசை பத்து நொடி முன்னே, ‘ஜே’ பத்து நொடி பின்னே. அந்தக் காட்சி ஒன்றரை நிமிடம் என்றால் ஒன்பது தட்டு. சத்தத்தை முதலில் அணைத்து, பிறகு தட்டி, வசனம் தொடங்கியதும் சத்தத்தைத் திருப்புங்கள். எழுத்துகள் ஓடும்படி வைத்திருந்தால் கதை விட்டுப்போகாது. குடும்பமாகப் பார்க்கும்போது ரிமோட் யார் கையில் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நாலு பேர் ரிமோட்டைத் தேடும் நேரத்தில் காட்சியே முடிந்துவிடும்.

ஒரு படத்தில் நான்கைந்து தடவை தாண்ட வேண்டி வந்தால், அது தாண்டிப் பார்க்க வேண்டிய படம் இல்லை, நிறுத்த வேண்டிய படம். முதல் இருபது நிமிடத்திலேயே தொனி தெரிந்துவிடும். காசு கொடுத்துவிட்டோமே என்று உட்கார வேண்டாம். போன காசு எப்படியும் திரும்பாது, நேரமாவது மிஞ்சும்.

தொடருக்கு ஒரு தந்திரம். ஒவ்வொரு பகுதியும் முடியும் இடத்தில்தான் கொக்கி போட்டிருப்பார்கள், அங்கே நிறுத்துவது கடினம். அந்தக் கொக்கி அடுத்த பகுதியின் முதல் சில நிமிடத்தில் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். அதனால் பகுதியின் முடிவில் நிறுத்தப் பார்க்காமல், நடுவில் நிறுத்துங்கள். நெட்ஃபிளிக்ஸில் பிரவுசர் வழியாக உங்கள் புரொஃபைலின் ‘பிளேபேக்’ அமைப்புக்குப் போனால் இரண்டு டிக் இருக்கும்: அடுத்த பகுதி தானாக ஓடுவது, முன்னோட்டம் தானாக ஓடுவது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். டிவியில் மாறவில்லை என்றால் வேறு புரொஃபைலுக்குப் போய்த் திரும்பி வாருங்கள், புதுப்பித்துக்கொள்ளும். புரொஃபைலுக்கு வயது வரம்பும், குறிப்பிட்ட தலைப்புக்குத் தடையும், நான்கு இலக்க ரகசிய எண்ணும் போடலாம். தடை மற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தன்னைத்தானே கட்டுப்படுத்த விரும்புகிறவர் அந்த எண்ணை அம்மாவையோ அக்காவையோ போடச் சொல்லி, தனக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். கணக்கின் கடவுச்சொல்லும் அவர்களிடமே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் நீங்களே மாற்றிவிடுவீர்கள்.

யூடியூபில் ‘வாட்ச் ஹிஸ்டரி’யை அணைத்து, பழைய வரலாற்றையும் முழுக்க அழித்துவிட்டால், முகப்பில் பரிந்துரைகளே வராது. 2023 ஆகஸ்டிலிருந்து இப்படித்தான். தேடும் பெட்டி இருக்கும், சப்ஸ்கிரிப்ஷன் பக்கம் இருக்கும், போதும். ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ என்று ஒன்று உண்டு. அதைக் கைபேசியில் போட்டால் கணினியில் போட்டதாக ஆகாது. ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு பிரவுசரிலும் தனியாகப் போட வேண்டும். கருத்துப் பகுதியும் மறைந்துவிடும், அது பெரும்பாலும் லாபமே.

இன்ஸ்டாவில் ‘கன்டென்ட் பிரிஃபரன்சஸ்’ உள்ளே பரிந்துரைகளை ரீசெட் செய்யும் வசதி இருக்கிறது. ஒரு தடவை செய்தால் பழையபடி திருப்ப முடியாது. ஆனால் ரீசெட் செய்த மறுநாளிலிருந்து அது மறுபடி கற்கத் தொடங்கும். வேண்டாத ரீலைப் பார்த்து "சீ, என்ன அசிங்கம்" என்று கருத்து எழுதினால், நண்பருக்கு அனுப்பி "பாரு எவ்வளவு மோசம்" என்றால், அதையும் ஆர்வம் என்றுதான் கணக்கில் எழுதிக்கொள்ளும். நீங்கள் திட்டினீர்களா ரசித்தீர்களா என்பது அதற்குப் பொருட்டில்லை, எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதே கணக்கு. ஒரு நொடியில் தள்ளுங்கள், அல்லது நீளமாக அழுத்தி ‘நாட் இன்டரஸ்டட்’ கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே சரியான பிறந்த தேதி கொடுத்திருந்தால் ‘டீன் அக்கவுன்ட்’ ஆகும்: கூச்சமூட்டும், மனதைப் பாதிக்கும் பதிவுகளுக்கான வடிகட்டி கடுமையான நிலையில் இருக்கும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது. பொய் வயது கொடுத்து ஆரம்பித்த கணக்கில் இவை எதுவும் இருக்காது. பலருக்குப் பிரச்சினையின் வேர் அங்கேதான்.

---

புரொஜெக்டர்_பக்கத்து_நாற்காலி

வாலிபர் கூட்டத்தில் படம் போடுவதற்கு.

முதலில் உரிமை. ஓடிடி சந்தா வீட்டுக்கானது, சபை மண்டபத்துக்கானது இல்லை. நுழைவு இலவசம் என்றாலும், ஜெபித்துவிட்டுப் போட்டாலும் அது பொதுத் திரையிடல்தான். தயாரிப்பாளர் அல்லது விநியோகஸ்தரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சின்னப் படங்களுக்குச் சுலபமாகவே கொடுப்பார்கள். அமெரிக்கா போன்ற சில நாடுகளில் சபைகளுக்கென்றே ஆண்டு உரிமம் உண்டு. திரையிட்டுக்கொள்ளலாம் என்று எடுத்தவர்களே இலவசமாகக் கொடுக்கும் படங்களும் இருக்கின்றன. திருட்டுப் பிரதியை ஓட்டிவிட்டு நேர்மை பற்றிக் கலந்துரையாடினால் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

பொறுப்பாளர் இருவர், அதே பிரதியை, அந்த வாரத்துக்குள் முழுக்கப் பார்க்க வேண்டும். "போன வருஷம் பார்த்தேன், நல்ல படம்" என்பதை நம்பவே கூடாது. நினைவு கதையைத்தான் வைத்திருக்கும், காட்சியை வைத்திருக்காது. நோட்டில் நிமிடக் கணக்கோடு குறியுங்கள்: 00:41 அடிதடி, 01:12 மது. பெற்றோருக்குப் படத்தின் பெயர், சான்று, காரணங்கள், நீளம் நான்கையும் எழுதி அனுப்புங்கள். வர விரும்பாதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 100 நிமிடத்துக்குள் முடியும் படமாக எடுத்தால் அரை மணி நேரம் பேச மிஞ்சும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பிறகு யாரும் பேசமாட்டார்கள், செருப்பைத்தான் தேடுவார்கள்.

கருவிகளில் வழக்கமாக இடிப்பது மூன்று. சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும்: இது நகல் தடுப்புப் பூட்டு. பழைய விஜிஏ கம்பி, மலிவான மாற்றி, பிரிப்பான் இவற்றின் வழியாகப் பூட்டிய படம் போகாது. எச்டிஎம்ஐ கம்பியை நேராக மடிக்கணினியிலிருந்து புரொஜெக்டருக்கு இழுங்கள். அடுத்து, புரொஜெக்டரின் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கி சில வாட்தான். மின்விசிறி ஓடும் மண்டபத்தில் வசனம் கேட்காது. மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து சபையின் மிக்ஸருக்கு இழுங்கள். ‘ம்ம்ம்’ என்று உறுமல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் போகும். எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே, அதே கம்பி, அதே கணினியோடு, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

படம் முடிந்ததும் விளக்கை முழுக்கப் போட வேண்டாம், பாதி போதும். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று ஆரம்பித்தால் ஞாயிறு பள்ளிப் பதில்தான் வரும். "எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்?", "யார் சொன்ன பொய்யை நீங்களும் நம்பினீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு இருபது நொடி சும்மா இருங்கள். பொறுப்பாளர்கள்தான் பயந்து நாலாவது நொடியிலேயே தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன், சிலருக்குப் பிடிக்காது. கடைசிக் காட்சியில் வயலின் ஓட, பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போதே "யார் ஒப்புக்கொடுக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்" என்று அழைக்காதீர்கள். தூக்கவைத்தது ஆவியானவரா வயலினா என்று அந்தப் பிள்ளைக்கே திங்கட்கிழமை சந்தேகம் வரும். அழைப்பு கொடுப்பதென்றால் அடுத்த வாரக் கூட்டத்தில் கொடுங்கள்.

---

கடுகுவிதை16

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. யூடியூப் முகப்பு காலியாகிவிட்டது, பார்க்கவே விநோதமாக இருக்கிறது. படத்துக்கு அனுமதி கேட்டு எழுத நம்ம வாலிபர் தலைவர் ஒத்துக்கொண்டார். ஒரு சந்தேகம்: மிக்ஸரில் பெரிய துளை ஒன்றுதான் காலி. இரண்டு பக்கமும் பெரிய பின் உள்ள ஒரே கம்பி இருக்கிறது, சின்ன மாற்றி போட்டு மடிக்கணினியில் செருகலாமா?

---

புரொஜெக்டர்_பக்கத்து_நாற்காலி

பின்னைப் பாருங்கள் தம்பி. அதில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது ஸ்டீரியோ பின். மிக்ஸரின் மைக் அல்லது லைன் துளை பேலன்ஸ்டு என்றால், இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துத்தான் எடுக்கும். வசனம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதால் கழிந்து காணாமல் போகும். பின்னணி இசை மட்டும் குகைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு பெரிய மோனோ பின் உள்ள ‘ஒய்’ கம்பி வாங்குங்கள். இரண்டில் இடது பின்னை மட்டும் மிக்ஸரில் செருகி, மற்றதை எதிலும் படாமல் டேப் சுற்றி விட்டுவிடுங்கள். விண்டோஸில் ‘அக்ஸசிபிலிட்டி’ உள்ளே ‘ஆடியோ’வுக்குப் போய் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்தால் இரண்டு பக்க ஒலியும் அந்த ஒரு பின்னிலேயே வந்துவிடும். கணினியில் ஒலியை முக்கால் அளவுக்கு வைத்துவிட்டு மீதியை மிக்ஸரில் ஏற்றுங்கள்.